கிரெடிட் காட்ல இன்சூரன்ஸ் இருக்கெண்டு நம்பி வன்னியில கார் எடுக்கிற வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு

திருவிழா, கலியாணவீடு எண்டு கனடா, லண்டன், சுவிஸிலயிருந்து சனம் வரத் தொடங்கீற்று. முந்தி மாதிரி ட்ரைவரோட வான் பிடிக்காமல் இப்ப கனபேர் கார் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓடுகினம், அதாலதான் இதை எழுதுறன். எங்கட அக்காவின்ர மனிசனுக்கு கிளிநொச்சியில நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது.

அத்தான் ஸ்காபரோவில இருக்கிறவர், எதையும் வாசிச்சுப் பாத்துச் செய்யிற ஆள். அவற்ற கிரெடிட் காட்ல வாடகைக் கார் இன்சூரன்ஸ் இருக்கு, கனடாக் காட்டுகள் கனக்கவற்றில இது வாறது, ஒரேயடியா 48 நாள் வரைக்கும் எடுக்கிற வாடகைக்கு. ஆனா அதுக்கு நிபந்தனை இருக்கு. வாடகை முழுக்க அந்தக் காட்லதான் கட்டோணும், வாடகைக் கொம்பனிக்காரன் தன்ர டமேஜ் இன்சூரன்ஸை விக்க வந்தா வேண்டாமெண்டு சொல்லோணும், அக்ரிமென்ட் காட்டுக்காரற்ற பேரில இருக்கோணும், ஓடுற எல்லாற்ற பேரும் அதில எழுதியிருக்கோணும். அத்தான் வரமுதலே கார் வாடகைக்கு விடுறவரிட்ட போன்ல இதெல்லாம் கேட்டவர், காட் எடுப்பம் பிரச்சினையில்லை எண்டுதான் அந்த ஆள் சொன்னது. இன்டர்நஷனல் லைசன்ஸையும் கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேஷனில காட்டிப் பதிஞ்சு எடுத்துக்கொண்டுதான் இஞ்ச வந்தவர்.

காரைக் கொண்டுவந்து விடேக்கதான் கதை மாறினது. மெஷினுக்கு லைன் இல்லையாம், ஏற்கெனவே அட்வான்ஸ் காட்ல அடிச்சதுதானே, மிச்சத்தைக் காசாத் தாங்கோ எண்டார். அத்தான் நாளைக்கு வந்து காட்லயே கட்டுறன் எண்டு சொல்ல, அப்ப காரைத் திருப்பிக் கொண்டுபோறன் எண்டு நிண்டிட்டார், வீட்டில வயசுபோன மாமி முல்லைத்தீவுக்குப் போக வெளிக்கிட்டு இருக்கிறா, என்ன செய்யிறது. ஒரு பக்கப் பேப்பர் ஒண்டில புல் இன்சூரன்ஸ் எண்டு பேனையால எழுதித் தந்தார், பாஸ்போட்டையும் பிணையா வாங்கிக்கொண்டு போனார்.

முல்லைத்தீவால திரும்பேக்க, ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் வாற றோட்டில, மைம்மல் நேரம், கட்டாக்காலி மாடு குறுக்க பாய்ஞ்சிட்டுது. ஆருக்கும் காயமில்லை. பம்பர், பொனெட், ரேடியேட்டர் எல்லாம் போட்டுது. அத்தான் உடன கார்க்காரருக்குத்தான் அடிச்சவர். அந்த ஆள் சொன்னது, இன்சூரன்ஸுக்கு அடிக்க வேண்டாம், பொலிசுக்குப் போனா காரை மறிச்சு வைப்பாங்கள், நான் கராஜால ஆளை அனுப்பிறன், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அவ்வளவு ஆறுதலாக் கதைச்சவர்.

அவர் ஏன் அப்பிடித் தடுத்தவர் எண்டது பிறகுதான் விளங்கினது. அந்தக் கார் சொந்தப் பாவனைக்கெண்டு இன்சூரன்ஸ் போட்ட கார், வாடகைக்கு விடுறதெண்டு போடேல்ல, ஏனெண்டா அதுக்குக் கட்டுற காசு கூட. இன்சூரன்ஸ் ஆள் அந்த இடத்துக்கு வந்து, ஓடினது ஆர், கார் ஆற்ற எண்டு கேட்டாலே விஷயம் வெளியில வந்திடும், கிளைமும் கிடையாது. தன்னைக் காப்பாத்தத்தான் எங்களைப் பொலிசுக்குப் போகவிடேல்ல.

பிறகு வந்த பில்லைப் பாத்து வீட்டில எல்லாரும் வாயடைச்சுப் போனம். திருத்தின காசெண்டும், கார் ஓடாமல் நிண்ட நாளுக்கு வாடகையெண்டும் சேத்து நாலு லட்சத்துக்கு மேல, கராஜின்ர பேர் கூட இல்லாத ஒரு துண்டில. புல் இன்சூரன்ஸ் எண்டு எழுதித் தந்தனீங்கள் தானே எண்டு கேக்க, அது கார் களவு போனாத்தானாம். பிளைட்டுக்கு நாள் கிட்டுது, பாஸ்போட் அவற்ற மேசை லாச்சிக்குள்ள. அக்கா அழுதழுது காசை எண்ணிக் குடுத்தவ. எனக்கு அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு எரியுது.

கனடாவுக்குப் போய் அத்தான் காட் கொம்பனிக்கு எழுதினவர். அக்ரிமென்ட், முழு வாடகையும் காட்ல கட்டின ரிசீட், பொலிஸ் ரிப்போட், என்னென்ன சாமான் மாத்தினதெண்டு விபரமான பில், படங்கள் எல்லாம் கேட்டவங்கள். பாதி காசாக் கட்டினது ஒண்டே மறுக்கக் காணும், பொலிஸ் என்ட்ரியும் இல்லை. சரிவரேல்ல.

இன்னொண்டையும் சொல்லோணும், கனபேர் பிழையா விளங்கி வச்சிருக்கினம். காட் இன்சூரன்ஸ் பாக்கிறது நீங்கள் எடுத்த காரின்ர சேதத்தையும் களவையும் மட்டுந்தான். நீங்கள் இடிச்ச ஆளுக்கோ, மற்ற வாகனத்துக்கோ, மாட்டுக்காரனுக்கோ அதில ஒரு சதமும் வராது. அது காரின்ர சொந்த இன்சூரன்ஸில இருந்துதான் வரோணும், மூண்டாம் தரப்பு இன்சூரன்ஸ் இல்லாமல் இலங்கையில வாகனம் றோட்டில விடச் சட்டப்படி ஏலாது. சொந்தப் பாவனைக்கெண்டு போட்ட காரை வாடகைக்கு எடுத்து, அண்டைக்கு மாட்டுக்குப் பதிலா சைக்கிளில வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பட்டிருந்தா எங்கட நிலைமை என்ன?

ஆகவே காரை எடுக்கமுதல் இன்சூரன்ஸ் பேப்பரைக் கையில வாங்கிப் பாருங்கோ, வாடகைக்கு விடுற வாகனமெண்டு இருக்கோ எண்டு. சந்தேகமெண்டா இன்சூரன்ஸ் கொம்பனிக்கே அடிச்சு கார் நம்பரைச் சொல்லிக் கேளுங்கோ. வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் கேக்கமுதலே பேப்பரை எடுத்து நீட்டுற நல்ல மனிசரும் இருக்கினம், அவையிட்ட ஐநூறு ஆயிரம் கூடவெண்டாலும் எடுங்கோ. தனி ஆளிட்ட, சொந்தக்காரனிட்ட எடுக்கிற காருக்கு கனக்கக் காட்டுகள் காசு தராது, பதிஞ்ச வாடகைக் கொம்பனியா இருக்கோணும். குடும்பமா வாறம் எண்டு பெரிய வான் எடுக்கிறவை எத்தின சீற் வரைக்கும் காட் பாக்குமெண்டு அங்கயே கேட்டிட்டு வாங்கோ. மச்சான்மாரிட்ட ஸ்டியரிங்கைக் குடுக்கிறதெண்டா முதல் அவையின்ர பேரையும் அக்ரிமென்ட்ல எழுதுவியுங்கோ. ஏதும் நடந்தா கார்க்காரன் என்ன சொன்னாலும் படம் எடுத்து, பொலிசில என்ட்ரி போட்டு, அண்டைக்கே காட் கொம்பனிக்கும் அறிவியுங்கோ, 48 மணித்தியாலத்துக்குள்ள சொல்லோணும் எண்டு நிபந்தனை வைக்கிற காட்டுகள் இருக்கு. மெஷின் வேலை செய்யேல்ல எண்டா அந்தக் காரை விடுங்கோ. பாஸ்போட்டை ஒருத்தரிட்டையும் குடுக்காதேங்கோ, கொப்பி ஒண்டு காணும்.