பைலாவா, பொப்பிசையா?

கொழும்பு வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களில் பத்து மணிக்குப் பிறகு பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டு தொடங்கினால் போதும், அதுவரை கதிரையை விட்டு எழும்பாத மாமாமார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவுக்கு வந்துவிடுவார்கள். அந்த 6/8 தாளம் காலைச் சும்மா விடாது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த இசையும் ஆபிரிக்க வழி வந்த காப்பிரி மக்களின் தாளமும் கலந்தது பைலா. 1940களில் பாடகர் வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பரப்பினார். அதில் சொல்லைவிட ஆட்டம்தான் பெரிது. சிங்களம் சரியாக விளங்காதவரும் கூடவே பாடுவார்.

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை வேறு சாதி. கிற்றாரோடு வந்த நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் ஊர்ப் பேச்சையே பாட்டாக்கினார்கள். கேட்டவர் தன் வீட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். சினிமாப் பாட்டுக்கு வெளியே ஈழத்தமிழுக்கு ஒரு மெட்டுக் கிடைத்தது அதில்தான். ஆனாலும் பைலாவின் துள்ளலை அதுவும் கடன் வாங்கியது. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ பாட்டு எந்தப் பக்கம் என்று பிரிக்கப் போனால் விடிந்துவிடும்.

ஆடப் பைலா, கேட்கப் பொப். என் ஓட்டு இரண்டாவதற்கு. எனக்கு ஆடவும் வராது.