இன்சுலின் பேனா: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாட்டில் இன்சுலினை விட்டுப் பேனாவுக்கு மாறலாமா என்று யோசிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், வீட்டில் அவர்களுக்கு ஊசி போட்டுவிடுகிறவர்களுக்கும் இந்த மதிப்பீடு. இங்கே பேசுவது கேட்ரிட்ஜ் (இன்சுலின் நிரப்பிய சின்னக் குழாய்) மாற்றிப் போடும் ரகத்தைப் பற்றி: நோவோபென் 4, ஹ்யூமாபென் எர்கோ 2, ஆல்ஸ்டார் போன்றவை. முதல் இரண்டிலும் ஒரு தடவைக்கு டயலைத் திருப்பி 60 யூனிட் வரை வைக்கலாம், ஆல்ஸ்டாரில் 80 வரை. மற்றபடி வேலை ஒன்றுதான். ஒரு கம்பெனி கேட்ரிட்ஜை இன்னொரு கம்பெனி பேனாவில் போடக் கூடாது என்பதால், டாக்டர் எழுதும் இன்சுலினுக்கு உரிய பேனாவைத்தான் வாங்க வேண்டும். அந்தக் கேட்ரிட்ஜ் உங்கள் ஊர் மெடிக்கலில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பேனாவின் பெரிய பலம் அளவு தவறாமை. நம்மிடம் புழங்கும் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். கேட்ரிட்ஜில் இருப்பது 1 மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பாட்டில் மருந்தைத் தவறுதலாக 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான், சுகர் ஏறிக்கொண்டே இருக்கும். பேனாவில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 20 வைத்தால் 20 போகும். ஆனால் பேனா பழுதாகிவிட்டது என்று கேட்ரிட்ஜுக்குள் 40 சிரிஞ்சைக் குத்தி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது 20 கோட்டில் 50 யூனிட் ஏறிவிடும். இரண்டரை மடங்கு! லோ சுகரில் நினைவு தப்ப அது போதும். தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள். மாற்று ஏற்பாடாக ஒரு பாட்டிலும் அதற்குரிய சிரிஞ்சும் வீட்டில் இருக்கட்டும். எத்தனை யூனிட் போட வேண்டும் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

குறை எங்கே என்றால், பேனாவைக் கையில் கொடுப்பவர்கள் போடும் முறையைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. "இன்சுலின் போட்டும் சுகர் இறங்கவில்லை" என்று வருகிறவர்கள் டோஸைக் கூட்டும் முன் ஒரு தடவை நர்ஸ் முன்னால் ஊசி போட்டுக்காட்ட வேண்டும். காரணம் பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். ஊசிக்கு இரண்டு மூடி உண்டு. வெளியே பெரியது, உள்ளே ஊசியை ஒட்டினாற்போல் மெல்லிய சின்னக் குழாய். அந்த உள்மூடியைக் கழற்றாமலே வயிற்றில் வைத்து அழுத்துகிறவர்கள் உண்டு. ஒரு சொட்டு உள்ளே போகாது. சிலர் பட்டனை அழுத்துவதற்குப் பதில் டயலைத் திருப்பி 0-க்குக் கொண்டுவந்து, போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரியான முறை இது. 30/70 (இரண்டு வகை கலந்தது) போன்ற பால் நிற இன்சுலின் என்றால் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 தடவை உருட்டி, பிறகு 10 தடவை மேலும் கீழும் சாய்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி மணி ஓடி மருந்தைக் கலக்கும். கலக்காமல் போட்டால் ஒரு நாள் வேகமாக, ஒரு நாள் மந்தமாக வேலை செய்யும். தண்ணீர் போல் தெளிவாக இருக்கும் இன்சுலினுக்கு இது வேண்டாம். புது ஊசியை மாட்டி, 2 யூனிட் வைத்து, முனையை மேலே பார்க்கப் பிடித்து அழுத்துங்கள். சொட்டு வர வேண்டும். வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். அதன் பிறகே உங்கள் டோஸை வைத்து, நேராகக் குத்தி, 0 வரும்வரை அழுத்தி, விரலை எடுக்காமல் 10 வரை எண்ணுங்கள். சீக்கிரம் உருவினால் மருந்து தோலில் வழியும்.

ஊசி 4 மி.மீ. நீளம் போதும். பருமனானவர்களுக்கும் அதுவே போதும். 8 மி.மீ. என்றால் ஒல்லியானவர்களுக்குத் தசைக்குள் போய்விடலாம். ஒரு ஊசி ஒரு தடவைக்குத்தான். காசு பார்த்து ஒரே ஊசியை நாள்கணக்கில் போட்டால் முனை மழுங்கும், வலிக்கும். மாட்டியபடியே வைத்தால் காற்று புகும், மருந்து கசியும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் தோலடியில் கொழுப்பு கட்டி தட்டும். அங்கே வலி குறைவு என்பதால் அதையே தேடிப் போடுகிறார்கள், மருந்தோ ஒழுங்காக உறிஞ்சப்படாது. கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸ் அதிகமாகிவிடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

பேனாவை வீட்டில் இருவர் பகிரக் கூடாது. ஊசியை மாற்றினாலும் ரத்தம் கேட்ரிட்ஜுக்குள் ஏறியிருக்கலாம்.

செலவைக் கணக்குப் பார்த்துவிடுங்கள். கேட்ரிட்ஜ் 3 மில்லி, அதாவது 300 யூனிட். காலை 20, இரவு 10 போடுபவருக்குச் சோதனைச் சொட்டுக்கு 4 யூனிட் சேர்த்து நாளுக்கு 34. ஒரு கேட்ரிட்ஜ் ஒன்பது நாள்கூட முழுதாக வராது. மாதம் 60 ஊசி தனி.

புது கேட்ரிட்ஜ் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். பேனாவில் போட்டதை 30 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு 4 வாரம் கெடு. சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும். ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் மூடிய டப்பாவில் வைத்தால் சூடு தணியும். பைக் பெட்டியிலும் கார் டாஷ்போர்டிலும் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள்.

கை நடுங்குகிறவர்கள், கோடு தெரியாத அளவுக்குப் பார்வை குறைந்தவர்கள், வேலைக்கு நடுவே ஊசி போட வேண்டியவர்கள் தயங்காமல் வாங்கலாம். அரசு மருத்துவமனையில் பாட்டில் இலவசமாகக் கிடைத்து, சரியான சிரிஞ்சில் பிசகாமல் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு மாற அவசியமே இல்லை. பேனாவுக்குள் போனதால் அதே இன்சுலினுக்குக் கூடுதல் வீரியம் வந்துவிடாது. இரண்டு வகை இன்சுலினை டாக்டர் சொன்ன விகிதத்தில் ஒரே சிரிஞ்சில் கலந்து போடுபவர்களுக்குப் பேனா உதவாது.