பொறுப்புக் காப்பீடு: பிரீமியத்துக்கு முன் தேதியைப் பாருங்கள்

மேஜையில் இரண்டு கொட்டேஷன்கள். ஒன்று பப்ளிக் லயபிலிட்டி, அதாவது மூன்றாம் நபருக்கான பொறுப்புக் காப்பீடு. இன்னொன்று புரொபஷனல் இன்டெம்னிட்டி, அதாவது தொழில்முறை வேலையில் நேரும் தவறால் வாடிக்கையாளருக்கு வரும் நஷ்டத்துக்கான காப்பீடு. இரண்டிலும் வரம்பு, அதாவது கம்பெனி அதிகபட்சம் கொடுப்பது, ஒரே தொகை. பிரீமியம் மட்டும் கூடக்குறைய இருக்கிறது. குறைவானதை எடுத்துக்கொள்ளலாமே என்று கை போகும். அது குடை வாங்கப் போய், விலை குறைவு என்று செருப்பு வாங்கி வந்த கதைதான்.

கடைக்கு வந்தவர் ஈரத் தரையில் வழுக்கிக் கையை முறித்துக்கொள்கிறார். ஏசி மாட்டப் போன பையன் துளை போடும்போது சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் துளைத்துவிட, கீழ்வீட்டுக் கூரையெல்லாம் ஊறிப்போகிறது. உடம்புக்கு அடி, பொருளுக்குச் சேதம்: இவை பப்ளிக் லயபிலிட்டியின் வேலை. கணக்குப் பார்ப்பவர் கடைசித் தேதியைத் தவறவிட்டு வாடிக்கையாளர் அபராதம் கட்டுகிறார் என்றால் யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் உடையவில்லை, பணம் மட்டும் போயிருக்கிறது. பப்ளிக் லயபிலிட்டி பொதுவாக இந்த வெறும் பண நஷ்டத்தைத் தொடாது. இன்டெம்னிட்டிதான் வர வேண்டும்.

ஆகவே கையால் வேலை செய்பவருக்கு முதலாவது, யோசனையும் வரைபடமும் விற்பவருக்கு இரண்டாவது. வரைந்தும் கொடுத்து, தானே பொருத்தியும் தரும் இன்டீரியர்காரருக்கு இரண்டும் தேவை. பொருள் தயாரித்து விற்றால், விற்ற பொருளால் வரும் பாதிப்புக்கான புராடக்ட் லயபிலிட்டி தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்த ஊழியருக்கு அடிபட்டால் இவை எதுவும் உதவாது, அதற்கு வேறு பாலிசி.

பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் உங்கள் மேஜையில் இருக்கும்போது கீழே விழுந்து உடைந்தால், 'உங்கள் பொறுப்பில் இருந்த பொருள்' என்று பப்ளிக் லயபிலிட்டி பெரும்பாலும் கைவிரித்துவிடும். கடையின் தொழிலே அடுத்தவர் பொருளைக் கையில் வாங்குவதுதான். அதையே விலக்கிவிட்டு என்ன பாலிசி? கேட்டு வாங்கினால் கூடுதல் பிரீமியத்துக்கு அதைச் சேர்ப்பவர்களும் உண்டு.

சரி, எது வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இனி ஒரே வகையில் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது, வரம்பையும் பிரீமியத்தையும்விட நான் முதலில் தேடுவது பாலிசி எந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைத்தான். சம்பவம் நடந்த தேதியைப் பார்க்கும் பாலிசி ஒரு ரகம். 2022-இல் மாட்டிய விளக்கு அன்றே யார் தலையிலாவது விழுந்து, வழக்கு 2025-இல் வந்தாலும், 2022 பாலிசிதான் பதில் சொல்லும். நடுவில் நீங்கள் கம்பெனி மாறியிருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று, கிளைம் வந்த தேதியைப் பார்ப்பது. இதில் தவறு எப்போது நடந்திருந்தாலும், கோரிக்கை வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நோய் வெகுகாலம் கழித்தே வெளியே தெரியும் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற வழக்குகளில் பல ஆண்டுகளுக்கு முந்தைய பாலிசிகளையெல்லாம் கிளைம்கள் தேடி வந்தபோது காப்பீட்டுக்காரர்கள் இந்த இரண்டாவது ரகத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அமெரிக்காவில் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கே 1986-இல் இப்படி ஒரு படிவம் வந்தது. இன்டெம்னிட்டி பாலிசிகள் இன்று அநேகமாக எல்லாமே இந்த ரகம்தான்.

இதில் 'ரெட்ரோஆக்டிவ் தேதி' என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதிக்கு முன் செய்த வேலைக்குப் பாதுகாப்பு இல்லை. நான் ஒருமுறை பிரீமியம் குறைகிறதே என்று கம்பெனி மாறினேன். புதிய பாலிசியின் முதல் பக்கத்தில் அந்தத் தேதி, பாலிசி தொடங்கிய அதே நாள். முன்பு செய்து கொடுத்த ஆறு வருட வேலை மொத்தமும் வெளியே நின்றது! நல்லவேளையாக எந்தக் கோரிக்கையும் வரவில்லை. பழைய தேதியை அப்படியே தொடரச் சொல்லி எழுதி வாங்கியபோது, மிச்சம் பிடித்ததில் பாதி போய்விட்டது.

அடுத்தது வக்கீல் செலவு. வரம்பு 10 லட்சம், வழக்கு நடத்த 4 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். செலவு வரம்புக்குள் அடக்கம் என்றால் நஷ்ட ஈட்டுக்கு மிஞ்சுவது 6 லட்சம். வரம்புக்கு மேல் தனி என்றால் 10 லட்சமும் அப்படியே இருக்கும். அந்த 10 லட்சம் ஒவ்வொரு கிளைமுக்குமா, வருடம் முழுவதற்கும் சேர்த்தா என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் நேரடியாக வாங்குவதா, புரோக்கர் மூலமாகவா? டீக்கடை, தையல் கடை என்றால் ஆன்லைன் போதும். ஒப்பந்தம் போட்டு வேலை செய்பவர்களுக்கு நான் புரோக்கரையே சொல்வேன். ஏஜென்ட் கம்பெனியின் ஆள். புரோக்கர் உங்கள் பக்கம் நின்று பேச வேண்டியவர். பெரிய வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தில் 'எந்த நஷ்டம் வந்தாலும் நீயே ஈடுகட்ட வேண்டும்' என்று ஒரு ஷரத்தை நுழைப்பார்கள். சட்டப்படி உங்கள் தலையில் விழாததையும் நீங்களாக ஏற்றுக்கொண்டால், அந்தக் கூடுதல் சுமையைப் பாலிசி பொதுவாகச் சுமக்காது. கையெழுத்துக்கு முன் அதைப் படித்துச் சொல்ல ஒருவர் இருப்பது நல்லது.

அப்புறம், தொழிலை மூடுபவர்களுக்கு. சம்பவத் தேதி பாலிசி என்றால், பாலிசி இருந்த காலத்தில் நடந்தவற்றுக்கு அந்தப் பழைய காகிதமே போதும், பத்திரமாக வைத்திருங்கள். கிளைம் தேதி பாலிசி என்றால், ஷட்டரை இறக்கிய மறுநாளும் பழைய வேலைக்கு நோட்டீஸ் வரலாம். அதற்கு 'ரன்-ஆஃப்' என்ற நீட்டிப்பை, பாலிசி முடிவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.