தனியாள் தொழிலா, மூவர் கூட்டுறவா? 1988-இல் சோவியத் தொழிலாளி முன் இருந்த இரு கதவுகள்

ஆலை வேலையில் இருந்தபடி செருப்புத் தைக்கவோ கார் பழுதுபார்க்கவோ நினைத்தவருக்கு 1987 மே 1 முதல் நடப்புக்கு வந்த தனியாள் உழைப்புச் சட்டம் போதும். உள்ளூர் சோவியத்தின் (ஊர் ஆட்சி மன்றத்தின்) நிர்வாகக் குழுவிடம் அனுமதி வாங்கி, ஓய்வு நேரத்தில் செய்யலாம். ஆலைச் சம்பளம் கைவிட்டுப் போகாது. ஆனால் கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. உடன் வசிக்கும் குடும்பத்தினர் மட்டும் கைகொடுக்கலாம். ஆர்டர் பெருகினால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

1988-இன் கூட்டுறவுச் சட்டம் திறந்தது வேறு கதவு. குறைந்தது மூன்று உறுப்பினர், ஒரு விதித்தொகுப்பு, அதன் பதிவு. பிறகு சொந்த வங்கிக் கணக்கு, ஒப்பந்தத்தில் வெளியாட்கள், விலையைத் தானே வைக்கும் உரிமை. இதில் முக்கியமானது வங்கிக் கணக்குதான்: அரசு ஆலைகளின் கணக்கில் மட்டும் புரண்ட, இஷ்டப்படி ரொக்கமாக எடுக்க முடியாத பணம், கூட்டுறவுக்கு வேலை கொடுத்தால் கையில் எண்ணும் ரூபிளாக மாறியது. ஆலை நிர்வாகிகளே உறவினர் பெயரில் கூட்டுறவு தொடங்கியது சும்மா அல்ல!

இரண்டும் சறுக்கியது மூலப்பொருளில். தோல், மரம், இரும்பு எல்லாம் அரசு ஒதுக்கீட்டில் போயின. வெளியே வாங்கினால் விலை பல மடங்கு. அந்த விலையைப் பொருளில் ஏற்றிய கூட்டுறவுக்காரர்தான் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கினார். கப்பம் கேட்டு வந்த கும்பல்களும் பெரும்பாலும் அவர் கடைவாசலைத்தான் தேடின.

கருவிப்பெட்டி மட்டுமே முதலாக உள்ளவருக்கு முதல் வழி. நம்பகமான சரக்கு வழி கையில் இருந்தால் மட்டும் இரண்டாவது.