அரியணைச் சொற்களுக்கு டேனிஷ் அகராதிகள்: நீண்ட நாள் புழக்கத்தில் கண்டவை

2023 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டு உரையின்போது, டென்மார்க் ராணி இரண்டாம் மார்கிரெத தாம் பதவி விலகப்போவதாக அறிவித்தார். அந்த அறிவிப்பை டேனிஷிலேயே படிக்க முயல்கிறவர் முதலில் இடறுவது 'ட்ரேதர் யாய் தில்பாகெ' என்ற மூன்று சொற்களில். 'ட்ரேதர்' என்பதை மட்டும் அகராதியில் தேடினால் 'அடியெடுத்து வைக்கிறார், மிதிக்கிறார்' என்றுதான் வரும். 'யாய்' என்றால் 'நான்'. அது நடுவில் புகுந்து வினையையும் அதன் துணைச்சொல்லையும் பிரித்துவிட்டது. 'ட்ரேத' என்ற தலைச்சொல்லுக்குப் போய், அதன் அடியில் இருக்கும் நிலைத்தொடர்களில் 'ட்ரேத தில்பாகெ' என்பதைப் பார்த்தால்தான் 'பதவி விலகு' கிடைக்கும். ஒரு அமைச்சர் விலகினாலும் டேனிஷில் இதே தொடர்தான்.

அரியணை சார்ந்த டேனிஷ் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான். கோர்ட்டிலும் ஆபீசிலும் வீட்டிலும் புழங்கும் சொல்லையே எடுத்து அரசருக்கும் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே எந்த அகராதியை எடுப்பது, அதில் எத்தனையாவது பொருளைக் கொள்வது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

அன்றாடத்துக்கு 'டென் டான்ஸ்கெ ஓர்ட்போக்'. 2003 முதல் 2005 வரை ஆறு தொகுதிகளாக அச்சில் வந்து, பிறகு இணையத்துக்கும் வந்தது. 1950களுக்குப் பிந்தைய டேனிஷ் மொழிதான் இதன் எல்லை. பழையதற்கு 'ஓர்ட்போக் ஓவர் டெட் டான்ஸ்கெ ஸ்ப்ரோக்'. 1918 முதல் 1956 வரை வெளிவந்த 28 தொகுதிகள். 1700 முதல் 1950 வரையிலான மொழியை அளக்கிறது. இரண்டையும் வெளியிட்டது டேனிஷ் மொழி இலக்கியக் கழகம். இரண்டும் இணையத்தில் இலவசம். இரண்டுமே டேனிஷுக்கு டேனிஷில்தான் விளக்கம் தருகின்றன. தொடக்கத்தில் இது சுவர் மாதிரி நிற்கும். இருமொழி அகராதிக்கு ஓடாமல் சில மாதம் பழகிவிட்டால், விளக்கத்தில் வரும் சொற்களே அடுத்த பாடமாகிவிடும்.

முதலில் 'ட்ரோன'. அரியணை. டேனிஷில் இதுவே பெயர்ச்சொல், இதுவே வினையும்: 'வீற்றிரு' என்ற பொருளில். அகராதி இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாக வைத்திருக்கிறது. தேடும்போது முதலில் கண்ணில் பட்டதையே எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டுச்சொல்லாகும்போது கடைசி உயிரெழுத்து விழுந்துவிடும்: ட்ரோன்ஃபோல்யர் (அரியணையில் அடுத்து அமர வேண்டியவர்), ட்ரோன்ஆர்விங் (அரியணை வாரிசு), ட்ரோன்ஸ்டோல் (அரியணை நாற்காலி). ரோசன்போர்க் அரண்மனையில், மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவலிருக்க, நார்வால் திமிங்கலத்தின் தந்தத்தால் செய்து வைத்திருக்கும் நாற்காலிக்கு இந்தக் கடைசிச் சொல்தான். ஃபோல்யரும் ஆர்விங்கும் ஒரே ஆளைக் குறித்தாலும் இடம் வேறு. அரசமைப்புச் சட்டம் ட்ரோன்ஃபோல்யர் என்றே எழுதுகிறது. அரண்மனையில் குழந்தை பிறந்த செய்தியில் ட்ரோன்ஆர்விங் வரும். மொழிபெயர்க்கிறவர் முன்னதற்கு 'பட்டத்துக்கு உரியவர்' என்றும் பின்னதற்கு 'வாரிசு' என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

'க்ரோன' இதைவிடச் சூதானமாகக் கையாள வேண்டிய சொல். மகுடமும் அதுதான், நாணயமும் அதுதான். பிரித்தறிய நல்ல வழி, கூட்டுச்சொல்லில் அந்தக் கடைசி உயிரெழுத்து நிற்கிறதா என்று பார்ப்பது. க்ரோன்பிரின்ஸ் என்றால் பட்டத்து இளவரசர். உயிரெழுத்து போய்விட்டது, அரண்மனை. க்ரோனகூர்ஸ் என்றால் நாணய மாற்று விகிதம். உயிரெழுத்து நிற்கிறது, வங்கி. ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி அல்ல. க்ரோன்யோர்ட் என்பது ஒரு மான் வகை. கிளைத்த கொம்பு மகுடம்போல் இருப்பதால் வந்த பெயர். இளவரசர் பட்டியலில் அதைத் தேட வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்தில் மனசுக்கு மிகவும் நெருக்கமான சொல் 'ஸ்கிஃப்த'. மாற்றம் என்பது ஒரு பொருள். பாகப்பிரிவினை என்பது இன்னொன்று. 2024 ஜனவரி 14 அன்று நடந்ததைப் பத்திரிகைகள் 'ட்ரோன்ஸ்கிஃப்த' என்று எழுதின: அரியணை கை மாறியது. ஆனால் 'ஸ்கிஃப்தரெட்' என்பது இறந்தவரின் சொத்தைக் கவனிக்கும் நீதிமன்றம். 'உஸ்கிஃப்தெட் போ' என்பது கணவனோ மனைவியோ இறந்தபின் மற்றவர் பாகம் பிரிக்காமல் வைத்திருக்கும் சொத்து. நம் ஊர்ப் பத்திரங்களைப் படித்தவருக்கு இந்தக் கடைசிச் சொல் உடனே புரியும். ட்ரோன்ஸ்கிஃப்தவுக்கு 'அரியணைப் பாகம்' என்று பொருள் எடுத்தால் வரலாறே தலைகீழாகிவிடும், ஏனென்றால் அரியணையைப் பாகம் போட முடியாது. உயிலில் எழுதவும் முடியாது. சாதாரணச் சொத்தில் 'த்வாங்ஸ்ஆர்வ்' என்று ஒன்று உண்டு: எப்படி உயில் எழுதினாலும் பிள்ளைகளுக்குப் போயே தீர வேண்டிய பங்கு. 2008 முதல் அது சட்டப் பங்கில் நாலில் ஒன்று. அதற்கு முன் பாதி. பழைய உரையில் பாதி என்று கண்டால் அகராதியையோ ஆசிரியரையோ குறை சொல்லாமல் ஆண்டைப் பார்க்க வேண்டும். இன்னொரு அடிக்கடித் தவறு 'ஆர்வலாதர்': வாரிசு போலக் காதில் விழும், ஆனால் அவர் சொத்தை விட்டுச் சென்றவர்.

சட்டத்தையே எடுத்துப் படித்தால்தான் அகராதியின் பலம் தெரியும். 1953 மார்ச் 27 தேதியிட்ட அரியணை வாரிசுச் சட்டத்தின் முதல் வாக்கியத்தின் வினை 'நெத்ஆர்வஸ்'. 'நெத்' கீழே, 'ஆர்வ' மரபுரிமையாகப் பெறு, கடைசி 'ஸ்' செயப்பாட்டுக் குறி. அரசர் பத்தாம் கிறிஸ்டியன், ராணி அலெக்சாந்திரீன் இருவரின் 'எஃப்டர்ஸ்லெக்ட்'டுக்குள், அதாவது சந்ததிக்குள், அரியணை வழிவழியாக இறங்கி வரும். 'ஸ்'ஸைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும். சட்ட டேனிஷ் முழுக்க இந்த வாலோடுதான் நடமாடுகிறது.

அடுத்த பிரிவில் 'கோர் ஃபோருத் ஃபோர்': முன்னுரிமை பெறு. 1953இல் அங்கே 'மகன் மகளுக்கு முன்' என்று இருந்தது. 2009 ஜூன் 7 பொது வாக்கெடுப்புக்குப் பின் அந்த வேறுபாடு நீங்கியது. 2007இல் பிறந்த இளவரசி இசபெல்லா, 2011இல் பிறந்த தம்பி வின்சென்டுக்கு முன்னால் நிற்பது அதனால்தான். பழைய சட்ட வாசகத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தச் சொற்கள் போயின என்பது கையில் தொட்டமாதிரித் தெரியும்.

அரசமைப்புச் சட்டத்தின் 7, 8, 9 ஆகிய மூன்று பிரிவுகளும் சின்னவை, ஆனால் அன்றாடச் சொற்கள் வேடம் மாற்றிக்கொண்டு நிற்பவை. 8இல் புதிய அரசர் பொறுப்பேற்குமுன் எழுத்தில் தரும் உறுதிமொழி 'ஃபோர்சிக்ரிங்'. இன்றைய டேனிஷில் இதைக் கேட்டால் எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ்தான் ஞாபகம் வரும். 9இல் அரியணை காலியாக இருக்கும் நிலை 'ட்ரோன்லேதிஹெத்'. பின்பாதியான 'லேதிஹெத்' செய்தியில் வந்தால் வேலையின்மை. வாரிசே இல்லாமல் அரியணை காலியானால் நாடாளுமன்றம் ஒரு அரசரைத் தேர்ந்தெடுத்து, இனி வரப்போகும் வாரிசு முறையையும் வகுக்கும் என்று அதே பிரிவு சொல்கிறது. 7இல் 'மூந்தி' என்றால் வயது வந்தவர், 18. அதிலிருந்து பிறந்த 'மூந்திஹெத்' இன்று பெரும்பாலும் அரசு அதிகார அமைப்பு. மூன்றிலும் நவீன அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்தால் தப்பு.

உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்தை நம்ப வேண்டாம், இந்தக் கட்டுரையில் உள்ளதையும் சேர்த்து. 'ஆர்வ்' என்று எழுதினாலும் பேச்சில் ர் கரைந்து 'ஆவ்' போல ஒலிக்கும். குறுக்குக் கோடு போட்ட 'ஓ' நம் எழுத்தில் அடங்காது. நவீன அகராதியில் ஒலிப்பதிவு இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை, பார்த்து ஒருமுறை கேட்பது பலன் தரும்.

1660 பற்றிப் படிக்கப் போனால் 28 தொகுதிப் பெரிய அகராதி தேவை. அதுவரை டென்மார்க்கில் அரசர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவிக்கு வரும்போது 'ஹோன்ஃபெஸ்ட்னிங்' என்ற நிபந்தனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 1660 அக்டோபர் 18 அன்று மூன்றாம் ஃபிரெதரிக்குக்குப் பரம்பரை அரசராக 'ஆர்வஹுல்லிங்', அதாவது வணக்க உறுதி, செய்தார்கள். இதன் வேர் 'ஹுல்ல'. இன்று அதே எழுத்துக்கூட்டலில் இன்னொரு சொல் சுவர் அலமாரித் தட்டு! 1661 ஜனவரி 10 தேதியிட்ட ஆவணத்தின் பெயர் 'ஏனவோல்ஸ்ஆர்வரெகேரிங்ஸ்ஆக்ட்'. பயப்பட வேண்டியதில்லை, பின்னாலிருந்து பிரிக்க வேண்டும். ஆக்ட்: ஆவணம். ரெகேரிங்ஸ்: ஆட்சியின். ஆர்வ: பரம்பரை. ஏனவோல்ஸ்: ஒற்றை அதிகார. இடையில் வரும் 'ஸ்' வெறும் ஒட்டு. பொருளையும் பாலையும் தீர்மானிப்பது எப்போதும் கடைசிச் சொல்தான். இதையடுத்து 1665 நவம்பர் 14இல் 'கொங்கலோவ்', அரச சட்டம். முடியாட்சியின் முழு அதிகாரத்தை வகுத்த அந்தச் சட்டம் 1709இல்தான் அச்சில் வந்தது.

பெரிய அகராதியில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் டேனிஷில் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கின. இன்று 'ஓ' போல ஒலிக்கும், தலையில் வட்டம் போட்ட 'அ' எழுத்துக்குப் பதிலாக வெறும் 'அ' எழுத்தை இரண்டு முறை எழுதினார்கள். அந்த அகராதியும் அப்படித்தான் எழுதுகிறது. தேடியது கிடைக்காவிட்டால் எழுத்தைப் பழைய முறைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

தரங்கம்பாடி ஆவணங்களுக்காக டேனிஷ் கற்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். அங்கே டேனிஷ் ஆட்சி 1620இல் தொடங்கி 1845இல் முடிந்தது. 1700க்குப் பிந்தைய தாள்களுக்குப் பெரிய அகராதி போதும். அதற்கு முந்தையவற்றுக்கு, 1300 முதல் 1700 வரையிலான மொழிக்கு ஓட்டோ கல்கார் தொகுத்த அகராதி இருக்கிறது. அச்சிட்ட அறிக்கைகள் பழைய முறுக்கெழுத்தில் இருக்கும். அதில் நீண்ட 'ஸ்' எழுத்து 'ஃப்' போலத் தெரியும். ஒரு சொல் எந்த அகராதியிலும் அகப்படாவிட்டால் முதலில் அந்த ஓர் எழுத்தை மாற்றித் தேடிப் பாருங்கள்.