ஃபைட்டரா, ஜீப்ரா டேனியோவா, எது கெட்டி மீன்?

புதுசா தொட்டி வைக்கிறவங்க முதல்ல கோல்ட்ஃபிஷ்தான் வாங்குறாங்க, அது கழிவு நிறைய போடுற மீன், சின்ன தொட்டிக்கு ஆகவே ஆகாது. கெட்டியா நிக்கணும்னா என் கணக்குல ரெண்டுதான், ஃபைட்டர், அப்புறம் உடம்புல நீளக் கோடு போட்ட சின்ன மீன் ஜீப்ரா டேனியோ.

ஃபைட்டரோட பலமே மூச்சுதான். செவுளுக்கு மேல லாபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு, அதால மேல வந்து நேரா காத்தை இழுத்துக்கும், தாய்லாந்து வயக்காட்டு தண்ணியில வாழ்ந்த மீனாச்சே, அதனால கரண்ட் போயி ஏர் பம்ப் நின்னாலும் தாங்கிடும். அதுக்காக கண்ணாடி பாட்டில்ல போட்டு வைக்காதீங்க ப்ளீஸ், கழிவுல வர்ற அமோனியா அதையும் கொல்லும், 15-20 லிட்டராவது குடுங்க. குளிரும் ஆகாது, தண்ணி 24 டிகிரிக்கு கீழ ரொம்ப போச்சுன்னா மூலையில ஒதுங்கி சாப்பிடாம கிடக்கும். ஆண் மீன் ரெண்டை ஒண்ணா விடவே கூடாது.

டேனியோ 18 டிகிரி வரைக்கும் சமாளிக்கும், ஏசி ரூம்ல ஹீட்டர் இல்லாமயே ஓட்டலாம். வால் கிழிஞ்சா திரும்ப வளரும், ஏன், இதயத்துல ஒரு துண்டை எடுத்தாக்கூட வளர்த்துக்குதுன்னு 2002ல ஆராய்ச்சியில காட்டிட்டாங்க! ஆனா ஒரு ஆறு மீனாவது சேர்த்து விடணும், நீளமான தொட்டி வேணும், மூடி கண்டிப்பா வேணும், துள்ளி வெளிய விழுந்துடும்.

ஒத்த மீன்தான்னா ஃபைட்டர், இடம் இருந்தா கண்ணை மூடிட்டு டேனியோ. எதுவானாலும் குழாய் தண்ணிய குளோரின் எடுக்காம ஊத்திடாதீங்க.