பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வாசல்கள்: கொங்குப் பகுதி மாணவர்களுக்கு எது எப்போது பொருந்தும்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வருவதற்கு முன்பே கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் பெற்றோரின் செல்போன்கள் ஓயாமல் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. இடம் குறைவாகத்தான் இருக்கிறது, இப்போதே முன்பணம் கட்டினால் உறுதி என்கிறார்கள் தனியார் கல்லூரிக்காரர்கள். விடுதி, கல்லூரி பஸ், வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் பேசுவார்கள். சான்றிதழ் வரத் தாமதமானாலோ, பெயரில் ஓர் எழுத்து மாறினாலோ, பிள்ளை மனம் மாறினாலோ யாரிடம் போய் நிற்பது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கல்லூரிகளை ஒப்பிடச் சொல்லி யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கட்டணம் அதற்குப் பிறகு.

முதல் வாசல் அரசு கலை அறிவியல் கல்லூரிகள். 1852இல் தொடங்கிய கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரி, உடுமலை, கரூர், நாமக்கல் என எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் இதற்கான செலவு 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய். மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை போடுகிறார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் பார்க்கிறார்கள். மொத்த மதிப்பெண் சுமாராக இருந்தாலும் தமிழில் நன்றாக எடுத்த பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இந்த வழியில் விண்ணப்பம் எளிது; கலந்தாய்வு நாளில்தான் சிக்கல். தரவரிசை வெளியானதும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக அழைக்கும். உடுமலையும் கோவையும் ஒரே நாளில் அழைத்தால் ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும். அழைப்பு குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வரும். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பியவர்கள் கட்டாயம் ஒன்றைப் பார்க்க வேண்டும்: செல்போன் எண் இருக்கும் கட்டத்தில் யாருடைய எண் இருக்கிறது? ஓ.டி.பி. வாங்கும் அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டால், கலந்தாய்வுத் தகவல் அவருக்குப் போகும். அவர் அன்றைக்கு நூறு விண்ணப்பம் பார்த்திருப்பார். கடையை விட்டு வருவதற்கு முன் அச்சிட்ட விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு எண் இருக்கிறதா என்று விரலை வைத்துப் படித்துப் பாருங்கள்.

இதை ஒட்டியே ஒரு பக்கவாசலும் இருக்கிறது: அரசு உதவி பெறும் கல்லூரிகள். பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி, கோபி கலை அறிவியல் கல்லூரி போன்றவை இந்த வகை. இங்கே விண்ணப்பத்தைக் கல்லூரியிடமே தர வேண்டும். உதவி பெறும் கல்லூரி என்றால் எல்லா வகுப்பும் உதவி பெறும் வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வளாகத்தில் ஒரே பெயரில் எய்டட் பி.காம். ஒன்றும், சுயநிதி பி.காம். ஒன்றும் நடக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. "எனக்குக் கொடுப்பது எய்டட் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்; ரசீதிலும் பாருங்கள்.

இரண்டாவது, பொறியியல் கலந்தாய்வு. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. கட்ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்திருந்தால் 90, 40, 42 என்று கூட்டி 172. இந்த முறை கடுமையானது. ஆனாலும் மூன்று வழிகளில் விதிகள் முழுக்க எழுத்தில் இருப்பது இதில்தான். அதனாலேயே இதை நான் பெரிதும் நம்புகிறேன்.

விருப்பப் பட்டியலைப் பற்றி நம் ஊர்களில் ஒரு தவறான அச்சம் சுற்றுகிறது. எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் எட்டுகிற கல்லூரியும் கைவிட்டுப் போய்விடும் என்பார்கள். அப்படி நடக்காது. மாணவரின் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கணினி தருகிறது. எனவே உண்மையான ஆசை வரிசையிலேயே நிரப்புங்கள், நீளமாக நிரப்புங்கள். நான்கைந்து கல்லூரியோடு நிறுத்திவிட்டு அந்தச் சுற்றில் வெறுங்கையோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

கல்லூரிகளைப் பெயரை வைத்துத் தேடாமல், கலந்தாய்வுப் பட்டியலில் உள்ள கல்லூரி எண்ணை வைத்துத் தேடுங்கள். பீளமேட்டில் இருக்கும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வேறு, அதே அறக்கட்டளை நீலம்பூரில் நடத்தும் கல்லூரி வேறு. பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. போன்ற உதவி பெறும் கல்லூரிகளின் பட்டியலில் சில பாடப்பிரிவுகளுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு. அதன் கட்டணமும் வேறு. தடாகம் சாலையில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இந்தக் குழப்பம் குறைவு.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு கெடு குறுகியது. அதற்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். ஏற்றுக்கொண்டு சேர்வது ஒரு வழி. ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடம் காலியாகுமா என்று காத்திருப்பது இன்னொரு வழி. காங்கேயத்து மாணவர் ஒருவருக்குப் பெருந்துறைப் பக்கம் கிடைத்திருக்கிறது. மேலே கோவைக் கல்லூரி ஒன்றை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வழியைத் தேர்ந்தால் அவர் பொறியியல் கலந்தாய்வுக்கான சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். கோவை கிடைத்துவிட்டால் பெருந்துறை இடம் தானாகவே ரத்தாகி வேறொருவருக்குப் போகும். பழையதே போதும் என்று திரும்ப முடியாது. ஆகவே கிடைத்ததைவிட உண்மையிலேயே மேலானவை மட்டும் மேலே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் காத்திருங்கள். பெயருக்காக எழுதிய கல்லூரி ஒன்று மேலே இருந்தால், கிடைத்ததை ஏற்றுச் சேர்ந்துவிடுவதே நல்லது.

மூன்றாவது, தனியார் கல்லூரியில் நேரடிச் சேர்க்கை. இதை முற்றிலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு பாடப்பிரிவு, வீட்டிலிருந்து போய்வரும் தூரம், பெண் பிள்ளையின் பாதுகாப்பு என நியாயமான காரணங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் இருக்கும். முடிவு வருமுன் பணம் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள் கலந்தாய்வுக்கு வருகின்றன. கலந்தாய்வில் கிடைக்கக்கூடிய அதே வகுப்பை, அதே பெஞ்சை, நிர்வாக ஒதுக்கீட்டில் கூடுதல் விலைக்கு வாங்குகிற குடும்பங்கள் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பும் இருக்கிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாக வந்தால்தான் கிடைக்கும். தறி ஓட்டியும் பனியன் கம்பெனியில் உழைத்தும் படிக்கவைக்கிற வீட்டில், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உரிமை கைநழுவிப் போவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் பதற வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதி கையில் இருக்கிறது. சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று அறிவித்த தேதிக்கு 15 நாட்களோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகை. அதற்குப் பிறகு, கடைசி நாளுக்குள் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாட்கள் வரை 80, 30 நாட்கள் வரை 50. அதற்குப் பின் எதுவும் இல்லை. முழுத் தொகையில் நடைமுறைச் செலவென்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிதான். தொலைபேசியில் கெஞ்சிப் பயனில்லை; விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தேதியை வைத்துத்தான் சதவீதம் தீர்மானமாகிறது. கல்லூரி மறுத்தால் மானியக் குழுவின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் செய்யலாம்.

எந்த வாசலில் நுழைந்தாலும் சான்றிதழ் சிக்கல்கள் ஒன்றுதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை வழியாகப் போய், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாக நகர்கின்றன. ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரோ இனிஷியலோ வேறுபட்டால் ஆதாரைத் திருத்துவது சுலபம். மதிப்பெண் பட்டியலிலேயே பிழை என்றால் பள்ளித் தலைமையாசிரியர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். அது நாளாகும் வேலை. ஆனைகட்டி, வாளையாறு, தாளவாடிப் பக்கம் எல்லை தாண்டிப் படித்த பிள்ளைகளுக்கு இன்னொன்று: 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று தர வேண்டும்.

காவிரிக் கரையில் இருப்பவர்கள், கலை அறிவியல் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்றும் பாருங்கள். பாலத்தின் ஈரோட்டுப் பக்கம் பாரதியார் பல்கலைக்கழகம், பள்ளிபாளையத்துப் பக்கம் பெரியார் பல்கலைக்கழகம். கரூர் பாரதிதாசனைச் சேர்ந்தது. பாடத்திட்டமே வேறு என்பதால் நடுவில் கல்லூரி மாறுவது சிரமம்.

கடைசியாக, மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். பின்னது 2024 ஆகஸ்ட் 9இல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கியது. அரசுக் கல்லூரியில் சேர்ந்தால்தான் இது வரும் என்று நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதே இங்கே தகுதி: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி, அல்லது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி. தனியார் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் உண்டு. பணம் வராவிட்டால் முதலில் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்; பிறகு கல்லூரியில் இத்திட்டத்துக்கென இருக்கும் பொறுப்பு அலுவலரிடம் உங்கள் பதிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.